பிறப்பும் இறப்பும் கடந்த பெருவாழ்வு: பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி

பிறந்த குழந்தையை முப்பதாம் நாள் நீராட்டிக் கோயிலுக்கு எடுத்து வந்து சந்நிதியில் கிடத்தி வணங்குவதும், மறைந்தவர் பெயரால் அதே சந்நிதியில் மோட்ச தீபம் ஏற்றித் தொழுவதும் தமிழர் எந்நாட்டில் குடியேறினும் கைவிடாத வழக்கங்களாம். ஒரே தீபாராதனையின்முன் ஒரு குடும்பம் மகிழ்ந்து நிற்கின்றது. மற்றொரு குடும்பம் கண்ணீர் மல்க நிற்கின்றது. பிறப்பையும் இறப்பையும் கொண்டுவந்து ஒப்படைக்கும் இடம் இறைவன் திருமுன்னிலையே என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

ஆயினும், பிறப்பது எது? இறப்பது எது? இந்த வினாவைக் கேட்கத் துணிந்தோர் மிகச் சிலரே. கடோபநிடதத்திலே நசிகேதன் என்னும் சிறுவன் இயமனின் வாயிலிலேயே காத்திருந்து இதனைக் கேட்டான். திருக்கடவூரிலே பதினாறு வயது மார்க்கண்டேயர் இலிங்கத் திருமேனியைத் தழுவிக் காலனை வென்றார். இவையெல்லாம் புராண காலத்துச் செய்திகள் என்று எண்ணியிருந்த உலகத்திற்கு, சென்ற நூற்றாண்டுகளின் ஒளியிலேயே, மதுரை மாநகரில், பள்ளிக்கூட மாணவர் ஒருவர் பதினாறு வயதில் மரணத்தை நேருக்கு நேர் சந்தித்து அச்சம் ஒழிந்த வரலாறு கிடைத்துள்ளது. அவரே திருவண்ணாமலையில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அசையாது வீற்றிருந்த பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி ஆவார்.

திருச்சுழியில் திருவவதாரம்

பாண்டி நாட்டிலே, மதுரைக்குத் தெற்கே, சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற திருத்தலம் திருச்சுழி. இங்கு எழுந்தருளியுள்ள இறைவன் திருமேனிநாதர், இறைவி துணைமாலையம்மை. இவ்வூரில் வழக்குரைஞராகப் பணியாற்றிய சுந்தரம் ஐயருக்கும் அழகம்மையாருக்கும் இரண்டாவது மைந்தராக, 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பின்னிரவு ஒரு மணியளவில், புனர்பூச நட்சத்திரத்தில் வேங்கடராமன் பிறந்தார். அன்று மார்கழித் திருவாதிரை விழா. ஆருத்ரா தரிசனம் தந்த நடராசப் பெருமான் வீதியுலா முடிந்து திருக்கோயிலுக்குத் திரும்பிய வேளை அது.

நாகசாமி என்பவர் மூத்தவர், நாகசுந்தரம் இளையவர், அலமேலு கடைசித் தங்கை. அமைதியாகச் சென்றுகொண்டிருந்த இக்குடும்பத்தில் 1892ஆம் ஆண்டு இடி விழுந்தது. சுந்தரம் ஐயர் காலமானார். அப்போது வேங்கடராமனுக்கு வயது பன்னிரண்டு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் வளரலாயினர். அழகம்மையார் இளைய பிள்ளைகள் இருவருடன் மானாமதுரையில் இருந்த மற்றொரு மைத்துனர் நெல்லையப்பையர் ஆதரவில் தங்கினார். கணவனை இழந்த தாய்க்குப் பிள்ளைகளே பற்றுக்கோடு. அந்தப் பற்றுக்கோடும் ஒவ்வொன்றாகக் கைநழுவப் போவதை அவ்வம்மையார் அப்போது அறியார்.

மதுரையில் வேங்கடராமன் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். நினைவாற்றல் மிகுந்தவர் எனினும் பாடத்தில் நாட்டம் குறைவு. விளையாட்டில் விருப்பம் மிகுதி. எழுப்பினாலும் எழாத ஆழ்ந்த உறக்கம் அவருடைய தனி இயல்பு. 1895ஆம் ஆண்டு இறுதியில் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொல்லக் கேட்டதும் அப்பெயர் அவர் உள்ளத்தைக் காரணம் தெரியாமலே ஈர்த்தது. பின்னர்ப் பெரியபுராணம் கைக்குக் கிட்டியது. நாயன்மார்களின் பக்தி வாழ்வைப் படித்து வியந்தார். இவற்றைத் தவிர அவர் வேதாந்த நூல் எதையும் கற்றதில்லை. குருவிடம் உபதேசம் பெற்றதுமில்லை.

மரணத்தை எதிர்கொண்ட மாணவர்

1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள், மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெருவில் உள்ள சிற்றப்பாவின் வீட்டு மாடி அறையில் வேங்கடராமன் தனித்து அமர்ந்திருந்தார். உடலில் நோய் எதுவும் இல்லை. அவ்வேளையில் தாம் இறந்துவிடப் போகின்றோம் என்னும் கடும் அச்சம் அவரைப் பற்றியது. மருத்துவரை அழைக்கவோ, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி அழவோ அவருக்குத் தோன்றவில்லை. இதனைத் தாமே, இப்பொழுதே, தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று உறுதி பூண்டார்.

தரையில் நீட்டிப் படுத்தார். கைகால்களைப் பிணம்போல் விறைப்பாக வைத்துக்கொண்டார். மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடினார். இறப்பு வந்துவிட்டது, இறப்பது இவ்வுடல், இதனைச் சுடுகாட்டிற்குத் தூக்கிச் சென்று எரித்துச் சாம்பலாக்குவர், ஆனால் உடல் எரிந்ததும் நான் என்பதும் எரிந்துபோகுமா என்று தமக்குள் ஆராய்ந்தார். உடல் அசைவற்றுக் கிடக்கும்போதே, அதற்கு வேறாக நான் என்னும் உணர்வு தன் முழு வலிமையோடு ஒளிர்வதை அவர் ஐயமறக் கண்டார். எண்ணிப் பார்த்து எய்திய முடிவாக அது அவருக்குத் தோன்றவில்லை. நேரே கண்ட உண்மையாகவே நின்றது. சாவச்சம் அக்கணமே நீங்கியது. பின்னர் வாழ்நாள் முழுவதும் அது திரும்பி வரவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த மாணவர் பழைய வேங்கடராமன் அல்லர். உணவில் சுவை பாராட்டவில்லை. பிறர் ஏசினாலும் பொருட்படுத்தவில்லை. மாலைதோறும் மீனாட்சியம்மன் ஆலயத்திற்குச் சென்று, சொக்கநாதர் முன்னும் அறுபத்து மூவர் திருவுருவங்கள் முன்னும் தனித்து நின்று கண்ணீர் உகுத்தார். பள்ளிப் பாடமும் வீட்டு வாழ்க்கையும் அவரிடமிருந்து தாமே விலகத் தொடங்கின.

அருணாசலம் அழைத்தது

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மும்முறை எழுதிவரும்படி பள்ளியில் விதித்த தண்டனையை நிறைவேற்றிக்கொண்டிருந்த வேங்கடராமன், இடையில் ஏட்டை ஒதுக்கிவைத்துக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று தமையன் நாகசாமி கடிந்துகொண்டார். அச்சொல்லில் இருந்த நியாயத்தைத் தம்பி அப்படியே ஏற்றுக்கொண்டார். தமையனின் கல்லூரிக் கட்டணமாகச் செலுத்துமாறு கொடுக்கப்பெற்ற ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டு வீட்டைவிட்டு நீங்கினார்.

அக்கடிதம் ஆன்மிக வரலாற்றில் தனிச்சிறப்புடையது. தம் தந்தையாகிய இறைவனைத் தேடிப் புறப்படுவதையும், தமக்காக வருந்தவோ தேடிப் பொருள் செலவிடவோ வேண்டாம் என்பதையும் அதில் எழுதியிருந்தார். நான் என்னும் சொல்லால் தொடங்கிய கடிதம், அடுத்த வரியிலேயே தம்மை இது என்று சுட்டத் தொடங்கியது. இறுதியில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. கோடு மட்டுமே இருந்தது. ஆறு வாரங்களுக்குமுன் மாடி அறையில் கண்ட உண்மை, எண்ணாமலே எழுத்திலும் இறங்கிவிட்டது.

புகைவண்டியிலும் கால்நடையாகவும் பயணம் செய்து, அறையணிநல்லூர், கீழூர்க் கோயில்களைத் தரிசித்து, பசியால் களைத்து, காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகுவைத்து, 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் காலை அவர் திருவண்ணாமலையை அடைந்தார். நேரே அண்ணாமலையார் சந்நிதிக்குச் சென்று தந்தையின் ஆணைப்படி வந்து சேர்ந்ததை விண்ணப்பித்துக்கொண்டார். தலையை மழித்து, எஞ்சிய காசையும் பூணூலையும் எறிந்து, கோவணம் மட்டும் உடுத்து மௌனத்தில் அமர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்தின் கீழுள்ள பாதாள லிங்கக் குகையில் எறும்பும் பூச்சியும் தொடைகளை அரித்துப் புண்ணாக்கிய போதும் அவர் அறிந்தாரில்லை. சேஷாத்திரி சுவாமிகளும் அன்பர் சிலரும் அவரை வெளியே தூக்கிவந்து காத்தனர்.

தேடி வந்த தாய்

அக்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழர் பல்லாயிரவர். கரையில் நின்று கையசைத்த தாய்மார் பலர் தம் மைந்தரை மீண்டும் கண்ணால் காணவேயில்லை. கடிதம் வருமா, ஆள் வருமா என்று ஏங்கி ஏங்கியே அவர்தம் காலம் கழிந்தது. அந்தத் தாய்மாரின் துயரை அறிந்தோர் அழகம்மையாரின் துயரையும் அறிவர். மைந்தன் எங்கே சென்றான், உயிரோடிருக்கின்றானா என்பதே தெரியாமல் ஈராண்டுகளாக அவ்வம்மையார் வாடினார்.

செய்தி எட்டியதும் முதலில் நெல்லையப்பையர் சென்று அழைத்துப் பார்த்தார், பயனில்லை. 1898ஆம் ஆண்டு டிசம்பரில் அழகம்மையாரே மூத்த மைந்தருடன் திருவண்ணாமலைக்கு வந்தார். பவழக்குன்றிலே, சடை திரிந்து, உடலில் அழுக்கேறி, பாறைமீது கிடந்த உருவத்தைத் தம் பிள்ளையென்று உடனே அடையாளம் கண்டுகொண்டார். பலகாரங்கள் கொண்டுவந்து கொடுத்தார், கெஞ்சினார், கடிந்தார், அழுதார். பல நாள் இப்படியே கழிந்தது. மைந்தர் வாய் திறக்கவில்லை. பார்த்திருந்த அன்பர் ஒருவர் மனம் பொறாமல், விடையை எழுதியாவது காட்டுமாறு வேண்டித் தாளும் எழுதுகோலும் அளித்தார். அவரவர் வினைக்கேற்ப இறைவனே அனைத்தையும் நடத்துகின்றான், நடவாதது எம்முயற்சியாலும் நடவாது, நடப்பது எத்தடையாலும் நில்லாது, ஆதலின் மௌனமே நன்று என்னும் கருத்தில் அவர் எழுதிக் காட்டினார். தாய் கண்ணீரோடு மலையிறங்கினார்.

இம்மறுமொழி கடுமையானது என்றே பலருக்கும் தோன்றும். பெற்ற வயிற்றின் எரிச்சலைத் தணிக்காத ஞானம் என்ன ஞானம் என்று கேட்போரும் உண்டு. இக்கேள்விக்கு விடை கிடைக்க இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே அழகம்மையார் பட்ட இழப்புகள் சிறியன அல்ல. 1900ஆம் ஆண்டு மூத்த மைந்தர் நாகசாமி மறைந்தார். பின்னர் இளைய மைந்தரின் மனைவியும் காலமானார். 1914ஆம் ஆண்டு மைந்தரைக் காண வந்த இடத்தில் அம்மையார் கடும் காய்ச்சலில் விழுந்து உயிருக்குப் போராடினார். அப்போது, அனைத்தும் வினைவழியே என்று எழுதிக் காட்டிய அதே மைந்தர், அல்லும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். தாயின் காய்ச்சலைத் தணித்தருளுமாறு அருணாசலேசுவரரை வேண்டிப் பாடல்களும் இயற்றினார். பிறவி நோய்க்கே மருந்தான மலையிடம் தாயின் உடல்நோய் தீரவும் வேண்டிய அப்பாடல்கள், ஞானத்தின் உள்ளே அன்பு வற்றாது இருந்ததைக் காட்டுகின்றன.

விருபாட்ச குகையில் துயர் தீர்ந்த பெண்மணி

1899ஆம் ஆண்டு முதல் 1916ஆம் ஆண்டு வரை அவர் மலைமீதுள்ள விருபாட்ச குகையில் வாழ்ந்தார். சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அன்பர் கேட்ட வினாக்களுக்கு மணலிலும் தாளிலும் அவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் நான் யார் என்னும் நூலாயின. 1907ஆம் ஆண்டு காவியகண்ட கணபதி சாஸ்திரிகள் அவருக்கு பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்னும் திருநாமத்தைச் சூட்டினார்.

அக்குகைக்கு 1906ஆம் ஆண்டு எச்சம்மாள் என்னும் பெண்மணி வந்தார். மண்டகொளத்தூரைச் சேர்ந்த இவ்வம்மையார் இருபத்தைந்து வயது நிரம்புமுன்னரே கணவனையும், ஒரே மகனையும், ஒரே மகளையும் அடுத்தடுத்து இழந்தவர். திருத்தலப் பயணங்கள் செய்தும், துறவியர்க்குத் தொண்டு புரிந்தும் அவர்தம் துயர் ஆறவில்லை. குகையின்முன் வந்து ஒரு மணி நேரம் பேசாமல் நின்றார். மகரிஷியும் பேசவில்லை. ஆறுதல் மொழி ஒன்றும் கூறப்படவில்லை. நூற்பொருள் ஒன்றும் விளக்கப்படவில்லை. ஆயினும் மலையிறங்கும்போது எச்சம்மாளின் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருந்தது. அன்று முதல் 1945ஆம் ஆண்டு தாம் மறையும் வரை மகரிஷிக்கு உணவு சமைத்துக் கொண்டுவந்து படைப்பதையே தம் வாழ்வாக்கிக்கொண்டார்.

பிற்காலத்தில் எச்சம்மாள் செல்லம்மாள் என்னும் பெண்ணை மகளாக வளர்த்து மணம் செய்வித்தார். அப்பெண்ணுக்குப் பிறந்த ஆண் மகவுக்கு ரமணன் என்று பெயரிட்டனர். சில காலத்தில் செல்லம்மாளும் இறந்தார். இறுதிக்கடன்களை முடித்துத் தாயற்ற குழந்தையைத் தூக்கிவந்த எச்சம்மாள், அதனை மகரிஷியின் கைகளில் வைத்தார். குழந்தையை ஏந்திய மகரிஷியின் கண்கள் நீரால் நிறைந்தன. ஆன்மா இறப்பதில்லை என்பதைப் பதினாறு வயதிலேயே கண்டவர், பிறர் இழப்பைக் கண்டு கண்ணீர் விட்டார். மெய்ஞ்ஞானம் நெஞ்சைக் கல்லாக்கும் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பிறப்பைத் தந்தவளுக்குப் பிறவாமை

1916ஆம் ஆண்டு அழகம்மையார் மைந்தருடனேயே வாழ்வதென முடிவுசெய்து திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். இளைய மைந்தர் நாகசுந்தரமும் பின்தொடர்ந்து வந்து, நிரஞ்சனானந்த சுவாமிகள் என்னும் துறவறப் பெயர் பூண்டார். மலைமீது சற்று மேலே அமைந்த கந்தாசிரமத்தில் அனைவரும் தங்கினர். அதுவரை ஊரிலிருந்து வரும் பிச்சை உணவையே உண்டுவந்த அடியார்கட்கு அம்மையார் அடுப்பு மூட்டிச் சமைத்துப் பரிமாறினார்.

ஆயினும் மகரிஷி தாய்க்கெனத் தனிச்சலுகை எதுவும் தரவில்லை. வந்தோர் அனைவரும் தமக்குத் தாயரே என்பதை அடிக்கடி உணர்த்தினார். ஆசாரத்தில் ஊறிய அம்மையாரின் கெடுபிடிகளை மெல்லக் கேலி செய்து களைந்தார். என் மகன் என்னும் பற்று சிறிது சிறிதாகக் கரைந்து, இறைவன் என்னும் பக்தியாக மலர்ந்தது. காவியுடுத்து அம்மையாரும் துறவு வாழ்வை மேற்கொண்டார்.

1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அழகம்மையாரின் இறுதி நாளாக அமைந்தது. காலை முதல் மகரிஷி தாயின் அருகே அமர்ந்து, வலக்கையைத் தாயின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்திருந்தார். சுற்றிலும் அடியார்கள் வேதமும் இராம நாமமும் ஓதினர். உயிர் பிரியும் வேளையில் பழைய வாசனைகள் கிளர்ந்தெழுந்து, இனி வரக்கூடிய பிறவிகளின் அனுபவங்களாக ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்ததைப் பின்னர் அவர் விளக்கியருளினார். அவ்வாறு எழுந்த மனத்தை அது எழுந்த இடமாகிய இதயத்திலேயே ஒடுங்கச் செய்வதற்காகவே கைகளை எடுக்காதிருந்தார். முன்னர்த் தம் தொண்டர் பழனிச்சாமியின் இறுதி வேளையிலும் இவ்வாறு செய்தபோது, ஒடுங்கிவிட்டதெனக் கருதிக் கையை எடுத்தவுடன் அவர் கண்கள் திறந்து உயிர் வெளியேறியதை மகரிஷி மறக்கவில்லை. ஆதலின் இம்முறை மூச்சு அடங்கிய பின்னரும் சிறிது நேரம் கைகளை எடுக்கவில்லை.

இரவு எட்டு மணியளவில் அம்மையாரின் உயிர் ஒடுங்கியது. மகரிஷி எழுந்தார். அவர் முகத்தில் துயரில்லை. தீட்டு ஏதுமில்லை என்று கூறி அனைவரையும் உண்ணச் செய்தார். இரவு முழுவதும் திருப்பாடல்கள் ஓதப்பெற்றன. முத்தி பெற்றவர் திருவுடலை எரிப்பதில்லை என்னும் மரபின்படி, மறுநாள் மலையின் தென் அடிவாரத்தில் சமாதி அமைக்கப்பட்டது. அதன்மேல் நிறுவப்பெற்ற இலிங்கமே மாத்ருபூதேசுவரர். அங்கு எழுந்த கற்கோயிலின் மகா கும்பாபிஷேகம் 1949ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிறைவேறியது. தாயின் சமாதியை நாடி மகரிஷி மலையிலிருந்து இறங்கி வந்து தங்கிய இடமே ஸ்ரீ ரமணாசிரமம்.

பவழக்குன்றில் கண்ணீரோடு திருப்பி அனுப்பப்பட்ட தாய்க்கு மைந்தர் அளித்த விடை இதுவே. வீட்டுக்குத் திரும்பியிருந்தால் ஒரு பிறவியின் முதுமைக்கு மட்டுமே அவர் துணையாகியிருப்பார். திரும்பாது நின்றதனால், தமக்குப் பிறப்பைத் தந்த தாய்க்கு மீண்டும் பிறவாத பேற்றைத் தந்தார்.

மகரிஷி காட்டிய உட்பொருள்

1912ஆம் ஆண்டு அன்பர்கள் முதன்முதலாக அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட முற்பட்டபோது அவர் அதை விரும்பவில்லை. எங்கிருந்து பிறந்தோம் என்று ஆராய்ந்து, பிறப்பு இறப்பற்ற பொருளில் ஒன்றும் நாளே உண்மைப் பிறந்தநாள் என்றும், அதனை விடுத்து உடல் தோன்றிய நாளைச் சிறப்பிப்பது பிணத்தை அலங்கரிப்பதைப் போன்றது என்றும் பொருள்படப் பாடல் எழுதிக் கொடுத்தார்.

மறுபிறவி உண்டா, இறந்தபின் உயிர் எங்கே செல்கின்றது என்று கேட்டு வந்தோர் பலர். அவர்களை மகரிஷி வேறொரு வினாவிற்குத் திருப்பினார். இப்பொழுது பிறந்திருப்பதாக எண்ணுவது யார் என்று முதலில் தெளியுமாறு கூறினார். உடலே நான் என்னும் எண்ணம் உள்ளவரை பிறப்பும் உண்டு, இறப்பும் உண்டு, வினையும் உண்டு. ஆழ்ந்த உறக்கத்தில் உடலின் நினைவே இல்லை. எனினும் உறங்கி எழுந்தவர் எவரும் தாம் இல்லாமற்போனதாகக் கூறுவதில்லை. நான் என்னும் எண்ணம் எழுவதே பிறப்பு; அது எழுந்த இடத்திலேயே அடங்கி, மீண்டும் எழாதிருப்பதே பிறப்பறுதல் என்பது அவர்தம் உபதேசத்தின் சாரம். நான் யார் என்னும் ஆராய்ச்சியாலோ, அனைத்தையும் இறைவனிடம் ஒப்படைக்கும் சரணாகதியாலோ இதனை எய்தலாம் என அவர் இரு வழிகளையும் காட்டினார்.

இதனை விளக்கப் பஞ்சதசி என்னும் வேதாந்த நூலை ஒட்டிய கதை ஒன்றை அவர் எடுத்துரைப்பதுண்டு. ஓரூர் இளைஞர் இருவர் பொருளீட்ட வெளிநாடு சென்றனர். ஒருவன் அங்கே இறந்தான். மற்றவன் செல்வனாய் வாழ்ந்தான். அவ்வூர் வழியே வந்த வணிகன் ஒருவன் பெயர்களை மாற்றிச் செய்தி சொல்லிவிட்டான். உயிரோடிருந்தவனின் பெற்றோர் அழுது புலம்பினர். இறந்தவனின் பெற்றோர் மகிழ்ந்திருந்தனர். இருவீட்டாரும் தம் மைந்தரைக் கண்ணால் காணவில்லை. அவர்களுக்கு இன்பமும் துன்பமும் தந்தது மனத்திலிருந்த மைந்தனே அன்றி, வெளிநாட்டிலிருந்த மைந்தன் அல்லன். கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு இக்கதையின் பொருள் எளிதில் விளங்கும்.

உயிர்களிடையே அவர் வேறுபாடு கண்டதில்லை. ஆசிரமத்துப் பசு இலட்சுமி 1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் இறக்கும் தறுவாயில் கிடந்தபோது, அதன் அருகே அமர்ந்து தலையில் கைவைத்து அமைதியளித்தார். அப்பசுவுக்கும் சமாதி எழுப்பப்பெற்றது. அது முத்தியடைந்ததைக் குறிக்கும் பாடலையும் அவரே இயற்றினார்.

உடல் உதிர்ந்த நாள்

1949ஆம் ஆண்டு தொடக்கத்தில் மகரிஷியின் இடக்கை முழங்கைக்கு அருகே சிறு கட்டி தோன்றியது. அறுவை செய்தும் மீண்டும் மீண்டும் வளர்ந்தது. அது கொடிய புற்றுநோய் எனத் தெரியவந்தது. கையையே துண்டித்துவிடலாம் என்று மருத்துவர்கள் கருதியபோது, உடலே ஒரு நோயாயிருக்க அதில் ஒரு பகுதியை மட்டும் வெட்டுவது எதற்கு என்னும் கருத்தில் மறுத்துவிட்டார். ஆயினும் அன்பர்கள் மனம் நோகாதிருக்க, கொண்டுவந்த மருத்துவங்களை ஏற்றுக்கொண்டார். ஓராண்டிற்குள் நான்கு முறை அறுவை நடந்தது. வலி இருப்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அது தம்மைச் சேர்ந்ததாகவும் கொள்ளவில்லை.

தம்மை விட்டுப் போய்விடலாகாது என்று அன்பர்கள் அழுதனர். தாம் எங்கும் செல்வதற்கில்லை, இங்கேயே இருப்பதாக அவர் ஆறுதல் அளித்தார். உடலையே மகரிஷி என எண்ணி வருந்துவோர்க்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை. எத்துணைத் தளர்ச்சியிலும் தரிசனத்தை நிறுத்த அவர் இசையவில்லை. இறுதி நாள் மாலையிலும் அன்பர்கள் வரிசையாக வந்து வணங்கிச் சென்றனர்.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இரவு நெருங்கியது. அறையின் வெளியே அமர்ந்திருந்த அடியார்கள் அவர் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். மகரிஷி கண்களைத் திறந்தார். முகம் மலர்ந்தது, கடைக்கண்ணிலிருந்து ஆனந்தக் கண்ணீர் வழிந்தது. எட்டு மணி நாற்பத்தேழு நிமிடத்தில் ஆழ்ந்த மூச்சொன்று வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. துடிப்பில்லை, போராட்டமில்லை. அவ்வேளையில் ஒளிமிக்க விண்மீன் ஒன்று வானில் மெல்ல நகர்ந்து அருணாசல மலையின் பின்னே மறைந்ததைப் பலர் கண்டனர். அப்போது திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோனும் அதனைக் கண்டு நேரத்தைக் குறித்துவைத்தார். மறுநாள் தாயின் சந்நிதிக்கு அருகிலேயே மைந்தருக்கும் சமாதி அமைந்தது.

இவ்வரலாறு தரும் ஆறுதல்

ஜொகூர் மாநிலத் தோட்டங்களிலும் நகரங்களிலும் கோயில் எழுப்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் மரணத்தின் கொடுமையை அறியாதன அல்ல. காடு வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் காய்ச்சலுக்குப் பலியானோர் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியரால் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதோர் எண்ணிறந்தவர். அவர்கள் மறைந்த நாளும் தெரியாது. எரித்த இடமும் தெரியாது. கொள்ளி வைக்கவும் நீர்க்கடன் செய்யவும் பிள்ளைகளுக்கு வாய்ப்பில்லாது போயிற்று. அந்த ஏக்கம் தலைமுறை தாண்டியும் சில இல்லங்களில் ஆறாதிருக்கின்றது.

பதினாறு வயது மாணவர் மதுரை மாடி அறையில் கண்ட உண்மை இத்தகைய இல்லங்களுக்கே பெரும் ஆறுதலாகும். காட்டில் விழுந்தது உடல். உயிருக்கு உயிராய் உள்நின்று ஒளிர்வது எக்காட்டிலும் தொலைவதில்லை. மோட்ச தீபமும் பதினாறாம் நாள் கடனும் அன்பின் வெளிப்பாடுகள். அவற்றைச் செய்வது கடமை. செய்ய இயலாது போன காரணத்தால் அன்புக்குரியவர் இறைவன் திருவடியை இழந்துவிட்டார் என்று கலங்க வேண்டியதில்லை.

மேலும், இறந்தவர்க்காக அழுவதை மகரிஷியின் வாழ்வு பழிக்கவில்லை. தாயற்ற குழந்தையை ஏந்திக் கண்ணீர் விட்டவர் அவர். அழுகின்ற கண்ணுக்கு உள்ளே அழியாத ஒன்று இருப்பதை அறிந்து அழுவதற்கும், அனைத்தும் முடிந்துவிட்டதென அழுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது காலப்போக்கில் அமைதியாகக் கனியும். பின்னது உள்ளத்தை அரித்துவிடும். துயருற்றவர் வீட்டிற்குச் செல்வோர், விருபாட்ச குகையில் எச்சம்மாளுக்குக் கிடைத்தது போன்று, அருகில் அமைதியாக இருப்பதே பல வேளைகளில் சிறந்த ஆறுதல் என்பதையும் உணர்தல் நன்று.

திருவிழாக் காலத்திலே தீபாராதனையின்போது கருவறையில் கற்பூரம் எரிகின்றது. எரிந்து முடிந்தபின் சாம்பலும் மிஞ்சுவதில்லை. இறைவன் திருமுகமோ அவ்வொளியில் கண்ட அடியார் உள்ளத்தில் நிலைத்து நிற்கின்றது. கைகூப்பி நிற்கும் அவ்வேளையில், நிற்பது யார் என்னும் வினா ஒரு கணமேனும் உள்ளே எழுமாயின், பகவான் ஸ்ரீ ரமணர் நடந்து காட்டிய நெறியில் முதலடி வைத்ததாகும். பிறப்பில் மகிழ்ந்தும் இறப்பில் கலங்கியும் திருக்கோயிலை நாடி வரும் மெய்யன்பர் அனைவருக்கும், இரண்டையும் கடந்து நிற்கும் பரம்பொருளின் திருவருள் என்றும் துணைநிற்பதாக.